காரில் ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கறுக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய 1500 சிசி பெற்றோல் கார் முன்பு லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 7 தான். காலி வீதி நெரிசலில் நின்றால் பெற்றோல் மணம் உள்ளே வந்து அம்மாவுக்குத் தலையிடி.

ஸ்கேனில் பி0172 கோட், அதாவது எஞ்சின் கலவையில் பெற்றோல் கூட. எயார் பில்டர் புதிது, கூலன்ட் சென்சரும் சரியான சூட்டைக் காட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றினேன். மூன்று கபில நிறம்; இரண்டாவதில் மட்டும் விரலில் ஒட்டும் ஈரக் கரி, பெற்றோல் மணத்தோடு.

கராஜில் ஒக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். அது நாலு சிலிண்டருக்கும் பொதுவானது; அது பிழை என்றால் நாலு பிளக்கும் அல்லவா கறுக்க வேண்டும்? இரண்டாவது சிலிண்டருக்குப் பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்றே எனக்குப் படுகிறது. கழற்றி லீக் டெஸ்ட் செய்து கழுவித் தரும் இடம் கொழும்பில் தெரியுமா? இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று வாங்கலாமா? புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வேர்ட்டர் கெட்டுப்போக முன் செய்துவிட வேண்டும்.