தேசிய நெடுஞ்சாலைன்னா 21 நாள், 2013 நில எடுப்புச் சட்டம்னா 60 நாள்

குழு: பெண்ணையாத்து சொந்தங்கள்

கார்த்தி: "இனிமே அரசு நினைச்சா யார் நிலத்தையும் ஒரே கையெழுத்துல எடுத்துக்கலாம், கேக்க நாதியில்ல"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. மாமா, இது நிசமா?

செல்வம் மாமா: பாதி நிசம்டா. சொத்துரிமை முன்னாடி அடிப்படை உரிமையா இருந்துச்சு. 1978-ல அரசியலமைப்புல 44-ஆவது திருத்தம் கொண்டுவந்து அதை அங்கேருந்து எடுத்துட்டு 300-ஏ-ன்னு தனியா வெச்சாங்க. சட்டத்தோட அதிகாரம் இல்லாம ஒருத்தர் சொத்தைப் பறிக்கக் கூடாது, அவ்ளோதான் அதுல இருக்கு. பறிக்கறதுக்கு ஒரு சட்டத்தைப் போட்டுக்கிட்டா? அந்த இடத்துலதான் அரசாங்கம் கை நீட்டுது.

தேவி அக்கா: ஆனா "கேக்க நாதியில்ல"ங்கறது தப்பு மாமா. 2024 மே மாசம் கொல்கத்தா மாநகராட்சி வழக்குல உச்ச நீதிமன்றம் 300-ஏ-க்குள்ள ஏழு உரிமை இருக்குன்னு பிரிச்சே எழுதிடுச்சு. நோட்டீஸ் கொடுக்கணும், நம்ம ஆட்சேபணையைக் கேக்கணும், முடிவைக் காரணத்தோட எழுதணும், பொதுக் காரியத்துக்குத்தான்னு காட்டணும், நியாயமான இழப்பீடு தரணும், இழுத்தடிக்கக் கூடாது, கடைசியில நடவடிக்கையை முறைப்படி முடிச்சு வைக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் கோர்ட்டுல நிக்கலாம். ஆனா ஆட்சேபணையைக் கெடுவுக்குள்ள எழுதிக் கொடுத்துடணும்.

லட்சுமி பெரியம்மா: கெடு எவ்ளோ நாளும்மா? பேப்பர் வந்ததுலேருந்து கணக்கா?

தேவி அக்கா: எந்தச் சட்டத்துல எடுக்கறாங்கன்னு முதல்ல பாக்கணும் பெரியம்மா. நோட்டீஸ் தலைப்புலயே இருக்கும். 2013 நில எடுப்புச் சட்டம்னா 11-ஆவது பிரிவு அறிவிக்கை வெளியான தேதியிலேருந்து 60 நாள். 15-ஆவது பிரிவுல எழுத்துமூலமா கலெக்டருக்கு ஆட்சேபணை கொடுக்கணும். தேசிய நெடுஞ்சாலைன்னா 1956 சட்டம், 3-ஏ அறிவிக்கை வந்து 21 நாள்தான். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை மாதிரி வேலைக்கெல்லாம் இந்தக் கணக்குதான். வீட்டுக்குத் தனியா தபால் வரும்னு காத்திருந்தா 21 நாள் ஓடிப்போயிடும். அரசிதழ்ல வந்த தேதிதான் கணக்கு. சாரம் ரெண்டு பத்திரிகையில வரும், அதுல ஒண்ணு தமிழ். அதைத்தான் விடாம பாக்கணும்.

மணி சித்தப்பா: ஆட்சேபணையில "எங்க பூர்வீக நிலம், தர மாட்டோம்"னு மட்டும் எழுதறாங்க பல பேர். நியாயம்தான், ஆனா அதை ஒரே வரியில தள்ளுபடி பண்ணிடுவாங்க.

தேவி அக்கா: ஆமாப்பா. 15-ஆவது பிரிவு மூணு காரணத்தைச் சொல்லுது: எடுக்கற பரப்பும் அந்த இடம் பொருத்தமான்றதும், பொதுக் காரியம்னு சொல்றது நியாயமா, சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில (திட்டத்தால ஊருக்கு என்ன பாதிப்புன்னு பாக்கற ஆய்வு) உள்ள முடிவுகள். அந்த மூணுக்குள்ள எழுதணும். சர்வே எண், உட்பிரிவு, எவ்ளோ பரப்பு, வாய்க்கால் எங்க போகுது, பக்கத்துல புறம்போக்கு காலியா இருக்கான்னு எஃப்.எம்.பி.ங்கற புல அளவை வரைபடம் சேத்துக் கொடுத்தா பதில் எழுதாம தட்ட முடியாது. "நேர்ல விசாரிக்கணும்"னு கடைசி வரியில கட்டாயம் கேட்டுடணும். ஒரு நகல்ல சீல் தேதியோட ஒப்புதல் வாங்கி வெச்சுக்கணும்.

கார்த்தி: தமிழ்நாட்டுக் கடலூருக்கும் புதுச்சேரிப் பாகூருக்கும் ஒரே சட்டம்தானே?

செல்வம் மாமா: அதான் இல்ல. எனக்கு ஆத்தாமையே இதுலதான். 2013 சட்டம் வந்ததும் தமிழ்நாடு 105-ஏ-ன்னு ஒரு திருத்தம் போட்டு தன்னோட மூணு சட்டத்துக்கு விலக்கு வாங்கிக்கிச்சு. 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், 2001 மாநில நெடுஞ்சாலைச் சட்டம், 1978 ஆதிதிராவிடர் நலத் திட்ட நில எடுப்புச் சட்டம். 2019 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் அந்த மூணு சட்டமும் செல்லாதுன்னுச்சு. அதே வருஷம் சட்டசபையில புதுச் சட்டம் போட்டு, 2013-லேருந்து நடைமுறையில இருந்த மாதிரி பின்தேதியிட்டு உயிர் கொடுத்தாங்க. 2021 ஜூன்ல உச்ச நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படி கிடைக்கும். ஆனா சமூகத் தாக்க மதிப்பீடு இல்ல. திட்டம் வேணுமா வேணாமான்னு ஊரைக் கேக்கற படியையே உருவிட்டாங்க. புதுச்சேரியில அந்த 105-ஏ கிடையாது, பாகூர்க்காரங்களுக்கு முழுச் சட்டம். ஆத்தைத் தாண்டினா ஒருத்தனுக்கு இருக்கற உரிமை இன்னொருத்தனுக்கு இல்ல. இதுல ஆளுங்கட்சி எதிர்க்கட்சின்னு பாக்காதே. ஒருத்தர் போட்டதை அடுத்தவர் எடுக்கவே இல்ல.

மணி சித்தப்பா: அதுக்கு மேல 2023 ஏப்ரல் 21, கூட்டத் தொடர் முடியற நாள், விவாதமே இல்லாம நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறிச்சு மச்சான். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்துக்கு, நடுவுல ஏரி, ஓடை இருந்தாலும் சேத்து ஒப்படைக்க வழி பண்றது. நீர்நிலை என்ன அரசாங்கத்தோட சொத்தா? ஊரோடது.

கார்த்தி: ஆனா மாமா, கம்பெனி வராம வேலை எப்படி வரும்? ரோடு போடாம இருக்க முடியுமா?

செல்வம் மாமா: ரோடு வேணாம்னு யாரு சொன்னா? பேரம் பேசி வாங்கட்டும். கம்பெனிக்காரன் நேரா வந்து விலை சொன்னா விக்கறவன் விப்பான், விக்காதவன் விக்க மாட்டான். தனியார் கம்பெனிக்காக அரசு எடுத்துத் தர்றதுக்கு 2013 சட்டத்துல 80 சதவீதம் பேர் சம்மதம் வேணும், அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70. அரசு தனக்குன்னு எடுத்தா சம்மதமே வேணாம். அதனால எல்லாத்தையும் முதல்ல அரசு பேர்ல எடுத்துட்டு அப்புறம் மனையாப் பிரிச்சுக் கொடுக்கறாங்க. 101-ஆவது பிரிவுல அஞ்சு வருஷம் சும்மா கிடந்தா உரியவங்களுக்குத் திருப்பணும்னு இருக்கு. கூடவே "அல்லது அரசு நில வங்கிக்கு"ன்னும் எழுதிட்டாங்க. எது நடக்கும்னு நீயே யோசி.

மணி சித்தப்பா: ராஜாஜி 1959-ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சது இந்தக் கவலையிலதான் கார்த்தி. அந்த ஜனவரியிலதான் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டுச்சு. 1964-ல அரசியலமைப்போட 17-ஆவது திருத்தம் வந்தப்ப அந்தக் கட்சி எதிர்த்துச்சு. அந்தத் திருத்தத்துலயே ஒரு நல்ல வரி இருக்கு, 31-ஏ பிரிவுல: நில உச்சவரம்புக்குள்ள சொந்தமா பயிர் வெக்கற நிலத்தை அரசு எடுத்தா சந்தை மதிப்புக்குக் குறையாம கொடுத்தே ஆகணும்.

லட்சுமி பெரியம்மா: அந்த சந்தை மதிப்பை எப்படிப் போடறாங்க? தோப்புல பலா, முந்திரி எல்லாம் சேருமா?

தேவி அக்கா: 2013 சட்டத்தோட 26-ஆவது பிரிவு பெரியம்மா. முத்திரைத் தீர்வைக்கான மதிப்பு ஒண்ணு. பக்கத்துல முந்தின மூணு வருஷத்துல பதிவான பத்திரங்கள்ல விலை அதிகமான பாதியை எடுத்து வர்ற சராசரி இன்னொண்ணு. எது அதிகமோ அது. கிராமத்துல அதை 1-லிருந்து 2 வரைக்கும் மாநிலம் வெச்ச காரணியால பெருக்குவாங்க. மரம், போர், மோட்டார் கொட்டகை மதிப்பைக் கூட்டி, வர்ற மொத்தத்துக்குச் சமமா இன்னொரு பங்கு ஆறுதல் தொகை. உதாரணத்துக்கு காரணி 1 உள்ள இடத்துல சென்ட் 20,000-ன்னா 1 ஏக்கர் 20 லட்சம், மரமும் போரும் 2 லட்சம், ஆக 22. ஆறுதல் தொகை 22, மொத்தம் 44 லட்சம். அதுக்கு மேல சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், ஒரு வருஷம் இழுத்தா 2.4 லட்சம்.

செல்வம் மாமா: இங்கதான் நம்ம ஆளுங்களே குழி வெட்டிக்கறாங்க. முத்திரைத் தீர்வைக்குப் பயந்து 20 லட்சத்து நிலத்தை 8 லட்சத்துக்குப் பதியறாங்க. நாளைக்கு எடுக்கறப்ப சராசரியை அந்தப் பத்திரம்தான் இறக்கும், பக்கத்து நிலத்துக்காரனுக்கும் சேத்து. லட்சுமி அக்கா, மரத்தை வேளாண்மை, தோட்டக்கலை ஆளுங்களை வெச்சு மதிப்புப் போடலாம்னு 29-ஆவது பிரிவு சொல்லுது. அளக்க வர்ற அன்னிக்கு நாம நிக்கணும். பலா எத்தனை, காய்ப்பு எத்தனை வருஷம், முந்திரி வயசு, போர் எத்தனை அடின்னு பட்டியல் எழுதி, விட்டுப்போனதை அங்கேயே எழுத வெக்கணும். "பலா – 4"ன்னு மட்டும் எழுதினா கன்னும் மரமும் ஒண்ணாயிடும்.

தேவி அக்கா: அடுத்தது பட்டா. தாத்தா பேர்லயே கூட்டுப் பட்டா கிடந்தா பணம் பிரச்சினையாகி நில எடுப்பு வழக்கைப் பாக்கற ஆணையத்துக்குப் போயிடும். வாரிசுச் சான்று, உட்பிரிவு, வில்லங்கச் சான்று இப்பவே சரி பண்ணுங்க. பரப்பையும் சரிபாருங்க, நோட்டீஸ்ல ஹெக்டேர்–ஏர் கணக்கு. 0.40.5 ஹெக்டேர்தான் ஒரு ஏக்கர், 1 ஏர் 2.47 சென்ட்.

கார்த்தி: பணத்தை வாங்கிட்டா கேஸ் போட முடியாதாமே?

தேவி அக்கா: வாங்கலாம். ஆனா ரசீதுல "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்"னு கைப்பட எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். 77-ஆவது பிரிவு, அந்த வரி இல்லாம வாங்கினா இழப்பீடு கூட்டிக் கேக்கற 64-ஆவது பிரிவு மனு போச்சு. தீர்வம் (இழப்பீடு இவ்ளோன்னு கலெக்டர் போடற உத்தரவு) சொன்னப்ப நேர்ல இருந்தவங்களுக்கு 6 வாரம்தான் கெடு. நெடுஞ்சாலைச் சட்டத்துல இது வேற, அங்க 3-ஜி பிரிவுல நடுவர்கிட்ட போகணும். முழுப் பணம் கொடுக்காம சுவாதீனம் எடுக்கக் கூடாதுன்னு 38-ஆவது பிரிவு. பணம் வாங்கி நிலம் அரசுக்கு மாறினப்புறம் வருஷக் கணக்கா நாமளே உழுதாலும் அது நம்மளதாகாது. 2023 ஜூலையில நெய்வேலி சுரங்கத்துக்காக வளையமாதேவியில நெல்லு நிக்கற வயல்ல மெஷினை இறக்கினப்ப வந்த தகராறே அதுதான்.

செல்வம் மாமா: பணம் கொடுத்தாச்சுன்னாலும் கதிர் வர்ற வரைக்கும் பொறுக்கலாமில்ல? ஏக்கருக்கு 40,000 பயிர் இழப்பீடுன்னு உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாச்சு. சோறு போடற பயிர் மேல இயந்திரம் ஏத்தற அதிகாரத்துக்கு எல்லை வேணும்.

மணி சித்தப்பா: நவம்பர் 1 கிராம சபையில 105-ஏ விலக்கை நீக்கணும்னு தீர்மானம் வெக்கச் சொல்லி எழுதிக் கொடுப்போம். தீர்மானப் புத்தகத்துல ஏத்தினாங்களான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து.

லட்சுமி பெரியம்மா: தேவி, அந்த ஆட்சேபணை மனு மாதிரி ஒண்ணு டைப் பண்ணி இதுலயே போடும்மா. 60 நாளுக்கு ஒண்ணு, 21 நாளுக்கு ஒண்ணு, தனித்தனியா.

தேவி அக்கா: ராத்திரி போடறேன் பெரியம்மா. சர்வே எண்ணை மட்டும் அவங்கவங்க அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) பாத்து நிரப்புங்க, பழைய பத்திரத்துல இருக்கறது மாறியிருக்கும்.