அல்சாஸில் வைன் ருசிக்கப் போகிறோம், வண்டி ஓட்டத்தான் ஆள் இல்லை

செப்டம்பர் கடைசி வாரத்தின் சனி, ஞாயிறு. நண்பர்கள் ஐந்து பேர். பிரான்சின் கோல்மாரில் அறை போட்டாயிற்று. பக்கத்துக் கிராமங்களான ரிக்விர், எகிசைம் பக்கம் சின்னத் திராட்சைத் தோட்டக்காரர்களிடம் ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர் வைன்கள் ருசிப்பதுதான் திட்டம். ஐந்து பேருமே குடிக்கப் போகிறோம், அதுதான் சிக்கல்.

பிரான்சில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. ருசித்துவிட்டுத் துப்பிவிடலாம், சரி. ஆனால் எங்கள் கூட்டம் துப்பும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வாடகைக் கார் யோசனை அதோடு போனது. சைக்கிளுக்கும் அதே வரம்புதான் என்று அப்புறம் தெரிந்தது. ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து கோல்மாருக்கு ரயில் இருக்கிறது, ரிக்விரில் ஸ்டேஷனே கிடையாது. வேனோடு வரும் வழிகாட்டிகள் சிலருக்கு எழுதினேன். அறுவடை நேரம், இடமில்லை என்கிறார்கள். வேறு வாரத்துக்கு மாற்றவும் முடியாது, விடுப்பு வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வைன் ருசிக்கக் கொடுக்கும் பல பாதாள அறைகள் மூடியிருக்கும் என்பதால் ருசிப்பதெல்லாம் சனிக்கிழமையே முடிய வேண்டும்.

இப்போது கையில் இருப்பது ஒரே யோசனை: காலையில் டாக்சியில் ரிக்விர் போய் இறங்கி, திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஹுனாவிர், அங்கிருந்து ரிபோவிலே என்று நடப்பது. மொத்தமே ஐந்து கிலோமீட்டருக்குள்தான் வரும். தூரம் பிரச்சினை இல்லை. ரிபோவிலேயிலிருந்து திரும்புவதுதான் கவலை. வாங்கிய பாட்டில்களும் மாலையில் கையில் இருக்கும்.

சனிக்கிழமை மாலை ரிபோவிலேயிலிருந்து கோல்மாருக்கு ஐந்து பேர் கார் இல்லாமல் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படி வந்தீர்கள்?