பிஸ்டனா, ஸ்க்ரூவா? கம்ப்ரசர் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம். காரைக்குடியில பழைய செட்டிநாட்டு வீட்டுக் கதவு, நிலை, தூண் இதுகளைச் சுரண்டி பாலிஷ் போடுற பட்டறை நம்மளது. ஸ்ப்ரே கன்னுக்கும் சாண்டருக்கும் (மரம் தேய்க்கிற மிஷின்) காத்தை அமுக்கிக் குடுக்க இருக்கிறது 5 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர். போன வாரம் ஒரு தேக்கு நிலைக்கு மெலமைன் பாலிஷ் அடிக்கையில ஸ்ப்ரே கன் ரெண்டு துளி தண்ணியைத் துப்பிருச்சு. நிலையில செதுக்கியிருந்த கஜலட்சுமி முகத்துல வெள்ளையாப் பூத்துப்போச்சு. திரும்பச் சுரண்ட முழுசா ஒரு நாள்.

காத்தை அமுக்கினா சூடாகும், ஆறினா அதுல உள்ள ஈரம் தண்ணியா இறங்கும்னு தெரியும். தினம் காலையில டேங்க் அடி வால்வைத் திறந்து விடத்தான் செய்றேன். ஆனா சாண்டரும் கன்னும் சேர்ந்து ஓடினா மோட்டார் நிக்கிறதே இல்ல. டேங்க்ல ஆறாத சூட்டுக் காத்து ஹோசுக்குள்ள போயி ஆறுது.

கடைக்காரர் ஸ்க்ரூ வாங்கச் சொல்றார். ரெண்டு திருகு ஒண்ணோடொண்ணு கோத்துச் சுத்தி காத்தை நெருக்கும், நாள் முழுக்க ஓட்டலாம், சத்தமும் கம்மி. ஆனா விட்டு விட்டு ஓட்டினா சூடேறாம ஆயில்லயே தண்ணி சேரும்னு ஒரு மெக்கானிக் பயமுறுத்துறார். நமக்கோ ஒரு நாள் எட்டு மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேர வேலை.

பிஸ்டனையே வச்சுக்கிட்டு காத்தை ஆற வைக்கிற ஆஃப்டர் கூலரும் ஈரத்தை எடுக்கிற டிரையரும் போட்டா போதுமா? மர வேலையில இருக்கிறவங்க சொன்னா நல்லாருக்கும். ஆடிக்குள்ள முடிவு பண்ணணும்.