பாசிப்பயறு வேர் பக்கத்துல 64 மில்லிவோல்ட் காட்டுது, இது வேரோட கரண்ட் தானா?

முளைப்பயறு: எம்எஸ்சி பாட்டனி ப்ராஜெக்ட். பயறை ஈரத்துணில முளைகட்டி அகார்ல (கடற்பாசி ஜெல்லி) படுக்க வச்சிருக்கேன், வளர்ற வேரை சுத்தி கரண்ட் ஓடும்னு படிச்சதால ஒரு செப்புக்கம்பிய வேர் நுனிகிட்டயும் இன்னொண்ண மேலயும் சொருகி மல்டிமீட்டர் வச்சா 64 மில்லிவோல்ட் காட்டுது, கொஞ்ச நேரத்துல 40க்கு இறங்கிடுது. வேர் வாடுதா இல்ல மீட்டர் கோளாறா? வெள்ளிக்கிழமை கைடு ரீடிங் கேப்பாரு, ப்ளீஸ்.

சால்டரிங்_சரவணன்: மீட்டர் நல்லாத்தான் இருக்கு. பயறை எடுத்துட்டு வெறும் அகார்ல அதே கம்பிகளை சொருகுங்க. அப்புறம் ஒரு கம்பிய மட்டும் உப்புத்தாள்ல தேய்ச்சுட்டு திரும்ப பாருங்க.

முளைப்பயறு: அண்ணா, பயறே இல்லாம 50க்கு மேல காட்டுது!! தேய்ச்சதும் மைனஸ்ல போயிடுச்சு

சால்டரிங்_சரவணன்: அதான், அது கம்பியோட வோல்டேஜ். ஒண்ணுல களிம்பு கூட, ஒண்ணுல கம்மி, அவ்ளோதான். வேரோடது ரொம்ப சின்னது. 1979ல வைசன்சீல், டார்ன், ஜாஃப்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் பார்லி வேர்ல அளந்தப்ப சதுர செமீக்கு 2 மைக்ரோஆம்பியர் அளவுலதான் வந்துச்சு. உப்பு கம்மியான தண்ணில, ரெசிஸ்டிவிட்டி (மின் தடைத்திறன்) 5000 ஓம் செமீன்னு வச்சா, 30 மைக்ரான் தூரத்துக்கு 30 மைக்ரோவோல்ட் வரும். உங்க மீட்டரோட கடைசி டிஜிட்டே 100 மைக்ரோவோல்ட்! அதனாலதான் அவங்க பிளாட்டினம் நுனி வச்ச, அதிர்ற ப்ரோப் வச்சு அளந்தாங்க, ஒரே முனை ரெண்டு இடத்துக்கும் போய்ட்டு வர்றதால எலக்ட்ரோடு வித்தியாசம் அடிபட்டுடும். காலேஜ்ல அது கிடைக்காது, விட்டுடுங்க.

வேர்க்கால்: கரண்டை அளக்க முடியலன்னா அது கொண்டுபோற புரோட்டானைப் பாக்கலாமே. பார்லில நீளுற பகுதிலயும் வேர்த்தூவி நுனிலயும் கரண்ட் உள்ள போகுது, முத்தின பகுதில வெளிய வருது, பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனிதான், அதாவது புரோட்டான். அகார்ல புரோமோகிரசால் பர்ப்பிள்னு புளிப்புக்கு நிறம் மாறுற சாயம் கலந்து, பிஎச் 6 கிட்ட வச்சு வேரைப் படுக்க வைங்க, புரோட்டான் வெளிய வந்து புளிப்பான இடம் மஞ்சளாகும், காரமான இடம் ஊதா. பஃபர் (பிஎச்சை மாற விடாத கலவை) மட்டும் போட்டுடாதீங்க, கலர் மாறாது. எம்எஸ் மீடியமும் (திசு வளர்ப்புக்கான ஊட்டக்கலவை) வேணாம். நைட்ரேட் குடுத்தா ஊதா பக்கம் இழுக்கும், அம்மோனியம் குடுத்தா மஞ்சள், அதனால ரெண்டையும் தனித்தனி தட்டுல வைங்க. பயறுல பார்லி மாதிரியே வரணும்னு கட்டாயமில்ல.

முளைப்பயறு: ஆனா தலைப்பு 'கரண்ட்'னு குடுத்துட்டேனே, கைடு ஒத்துக்குவாரா?

வேர்க்கால்: அந்த 1979 பேப்பர்லயே இதே சாயத்தைப் போட்டிருக்காங்க, காட்டுங்க. இன்னொண்ணும் சேர்த்துக்கலாம், வேரழுகல் கொண்டுவர்ற பைட்டாப்தோரா பால்மிவோராங்கிற பூஞ்சை மாதிரி நுண்ணுயிரோட நீந்துற ஸ்போர் மின்புலத்துல ஆனோடு (பாசிட்டிவ் முனை) பக்கம் போகும், அதே மாதிரி இன்னொரு நுண்ணுயிர் பித்தியம் அபானிடெர்மேட்டத்தோடது எதிர்ப்பக்கம். அறிமுகத்துல ரெண்டு வரி போதும்.

சால்டரிங்_சரவணன்: வெறும் அகார் ரீடிங்கையும் கன்ட்ரோலா ரிப்போர்ட்ல போடுங்க, வைவால கண்டிப்பா கேப்பாங்க.