கூர்முனைக் குண்டும் குழாய் மேகசினும்: முனை தொடுமா, தொடாதா?

மலைக்காரர், ஏற்காடு

விடுமுறைக்கு டெக்சாஸிலிருந்து சேலம் வந்திருக்கும் தம்பி ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. அங்கே தம் வீட்டுக் கார் கொட்டகையில் பிரஸ் வைத்து, மார்லின் 1895 என்னும், கீழே உள்ள லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் துப்பாக்கிக்கு .45-70 தோட்டாக்களைத் தாமே அடைத்துக்கொள்கிறாராம். வேறு வகைத் துப்பாக்கிக்கென்று செய்த செம்புக் கூர்முனைக் குண்டை அதில் பொருத்தி மூன்று ஆண்டுகளாகச் சுடுகிறாராம். "குழாய் மேகசினில் முனை கேப்பைக் குத்தி வெடிக்கும் என்பது பாட்டி கதை" என்று முடித்திருக்கிறார்.

அந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில், வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. பின்னால் உள்ளதன் முனை முன்னால் உள்ளதன் அடிநடுவில் இருக்கும், அடிபட்டால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்பின்மேல் படுகிறது. ஸ்பிரிங் இடைவிடாமல் அழுத்துகிறது; ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அந்த வரிசை முழுவதும் ஒன்றையொன்று இடிக்கிறது. அமெரிக்க ராணுவம் 1873-இல் எடுத்துக்கொண்ட இந்தத் தோட்டா, 405 கிரெயின் ஈயக்குண்டும் 70 கிரெயின் கருமருந்துமாக ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்குப் பிறந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் 1886-இல் வெளியிட்ட லீவர் துப்பாக்கியின் குழாய்க்குள் அது புகுந்த நாளிலிருந்து, அதற்குத் தட்டைமுனைக் குண்டு போடுவது அழகுக்காக அல்ல. தம்பி இதை அறியாமல் எழுதினாரா, அறிந்தே எழுதினாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

டெக்சாஸ் சேலத்தான்

ஐயா, தங்கள் உறக்கம் கெட்டதற்கு வருந்துகிறேன். மலைக்காற்றில் உறங்காதவர் சமவெளியில் எப்படி உறங்குவார் என்ற கவலையும் எனக்கு உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். .45-70 தோட்டாவின் அடியில் அகன்ற விளிம்பு இருக்கிறது. ஆகவே குழாய்க்குள் அது நேராகப் படுக்காது. அடிப்பக்கம் உயர்ந்தும் முனைப்பக்கம் தாழ்ந்தும் சாய்ந்தே படுக்கும். சாய்ந்த முனை முன்னால் உள்ள கேப்பைத் தொடாது, பித்தளையைத்தான் தொடும். பிரெஞ்சு ராணுவத்தின் 1886 லெபெல் துப்பாக்கியும் குழாய் மேகசின்தான். 1898-இல் அவர்கள் கூர்முனைக் குண்டுக்கு மாறி முதல் உலகப் போர் முழுவதும் அதைச் சுட்டார்கள். ஒரு பெரிய ராணுவத்துக்கு வராத ஆபத்து என் கார் கொட்டகைக்கு மட்டும் வருமா? என் 300 கிராம் குண்டு இதுவரை யாரையும் கடிக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

300 கிராமா? ஒரு குண்டு கால் கிலோவுக்கு மேல் நிறுத்தால் அது துப்பாக்கி அல்ல, பீரங்கி. ஏழாயிரம் கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவான கிரெயின். 300 கிரெயின் என்றால் 19.4 கிராம், ஒரு குழந்தைக் கொலுசின் எடை. போன தீபாவளிக்கு என் பட்டறைத் தராசின்மேல் சந்தேகம் கிளப்பியவர் இவர்தான் என்பதை இங்கே பலர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

மலைக்காரர், ஏற்காடு

கிராமுக்கும் கிரெயினுக்கும் வேறுபாடு தெரியாதவர் மருந்து நிறுக்கிறார் என்பதை அனைவரும் குறித்துக்கொள்ளவும். தோட்டா அடைப்பவரின் தராசில் அந்தப் பிழை பதினைந்து மடங்குப் பிழை.

லெபெலைப் பற்றி: தம்பி பாதி படித்திருக்கிறார். கூர்முனைக்கு மாறியபோது பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தோட்டாவின் அடித்தகட்டில் கேப்பைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். பின்னால் வரும் முனை அந்தப் பள்ளத்தில் அடங்கட்டும், கேப்பை நெருங்க வேண்டாம் என்பதற்காகத்தான் அது. கேப்பின்மேல் ஒரு மூடியும் வைத்தார்கள். முனை தொடாது என்று அவர்கள் நம்பியிருந்தால் ஒவ்வொரு தோட்டாவிலும் எதற்காகப் பள்ளம் வெட்ட வேண்டும்? தங்கள் .45-70 தோட்டாவின் பித்தளைக் கூட்டில் அந்தப் பள்ளம் இருக்கிறதா? இல்லை. முனை தொடுகிறது.

டெக்சாஸ் சேலத்தான்

கிராம் என்பது கைப்பேசித் தட்டச்சுப் பிழை. அதைப் பிடித்துத் தொங்குபவரிடம் வேறு சரக்கில்லை என்று பொருள். முனை தொடவில்லை.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர்

விவாதம் தொடருமுன் ஒரு வரையறை வேண்டும். இங்கே ஒருவர் "குண்டு" என்பதைத் தோட்டா முழுமைக்கும், இன்னொருவர் அதன் தலைக்கு மட்டுமே ஆள்கிறார்கள். "கூர்முனை" என்பதில், ஹார்னடி நிறுவனம் லீவர் துப்பாக்கிகளுக்கென்றே செய்யும் மென்முனைக் குண்டு சேருமா, சேராதா? இதைத் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

மலைக்காரர், ஏற்காடு

வரையறை பிறகு. அந்த மென்முனை அழுத்தினால் அமுங்கும் நெகிழ்பொருள். முனை தொடாது என்றால் அப்படி ஒன்றைச் செய்யும் எண்ணம் அந்த நிறுவனத்துக்கு ஏன் வந்தது?

டெக்சாஸ் சேலத்தான்

விற்பதற்கு.

அடிவாரத்து ஆள்

பெரியவர்களுக்கு நடுவே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மேலே காப்பித் தோட்டங்களில் இறங்கும் காட்டெருமைக்கு இந்த .45-70 போதுமா?

அஸ்தம்பட்டி வழக்குரைஞர்

காட்டெருமை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. தாங்கள் கேட்டதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின்படி இங்கே குற்றம் என்பதையும், தம்பியின் கார் கொட்டகை டெக்சாஸில் இருப்பது அவருடைய நல்லூழ் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் வரையறைக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

அடிவாரத்து ஆள்

கேள்விதானே கேட்டேன் ஐயா, சுடுகிறேன் என்றா சொன்னேன்? கறுப்பு அங்கி போட்டவர்கள் எல்லாரையும் குற்றவாளியாகவே பார்க்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஆளுக்கொரு பக்கம் கத்துவதைவிட அளந்து பார்ப்பது மேல் என்று நேற்று மாலை பட்டறையில் உட்கார்ந்தேன். தோட்டாவின் அளவுகளை அங்குலத்திலிருந்து மாற்றி எடுத்துக்கொண்டேன்: அடி விளிம்பு 15.4 மி.மீ., கூட்டின் வாய் 12.2 மி.மீ., கூட்டின் நீளம் 53.5 மி.மீ., குண்டோடு மொத்தம் 64.8 மி.மீ. அந்தக் கணக்குக்கு மரத்தில் இரண்டு பொம்மைத் தோட்டாக்களைக் கடைந்து, ஒன்றுக்குக் கூர்முனை வைத்தேன். மற்றதன் அடியில் கேப்பு இருக்கும் இடத்தில் 5.3 மி.மீ. வட்டம் வரைந்தேன். விளிம்பு தாராளமாக நுழையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, இரண்டையும் வரிசையாகப் படுக்கவைத்து, கூர்முனையில் முத்திரை மையைத் தொட்டுத் தள்ளினேன்.

தம்பி சொன்னபடி தோட்டா சாய்ந்துதான் படுத்தது. அடியும் கூட்டின் வாயும் தரையைத் தொட, முனை தாழ்ந்தது, அது உண்மை. ஆனால் மைப்புள்ளி விழுந்த இடம் வட்டத்தின் நடுவிலிருந்து 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கீழே. வட்டத்தின் ஓரமோ நடுவிலிருந்து 2.7 மி.மீ. தள்ளி இருக்கிறது. பத்து முறை தள்ளினேன். பத்துப் புள்ளியும் வட்டத்துக்குள்தான்.

மலைக்காரர், ஏற்காடு

வட்டத்துக்குள். பத்துக்குப் பத்து. இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் குழாயின் கீழேதான் இடது கை பிடித்திருக்கும். குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் வெடிக்கும் தோட்டாவைச் சுற்றி எஃகு இருக்கிறது. குழாய்க்குள் வெடிப்பதைச் சுற்றியிருப்பது மெல்லிய தகடு, அதைப் பிடித்த விரல்கள்.

டெக்சாஸ் சேலத்தான்

மரத்தோட்டா, பிளாஸ்டிக் குழாய், முத்திரை மை! பட்டறைக்காரர் அடுத்த முறை சோப்பில் ஒரு துப்பாக்கி செய்து என் கருத்தை மறுப்பார் என்று எதிர்பார்க்கிறேன். கேப்பு வெடிக்க வேண்டுமானால் அதன் நடுவில், உள்ளே இருக்கும் பட்டடைமேல் வெடிப்பொருள் நசுங்க வேண்டும். 2 மி.மீ. விலகி ஓரத்தில் படும் முனை எதையும் நசுக்காது.

மலைக்காரர், ஏற்காடு

நேற்று "தொடாது, பித்தளையைத்தான் தொடும்" என்றீர்கள். இன்று "ஓரத்தில் தொடும்" என்கிறீர்கள். ஒரே இரவில் முனை இத்தனை தூரம் பயணம் செய்திருக்கிறது.

பட்டறைத் தம்பி குழாயை மேசைமேல் அசையாமல் வைத்து அளந்தார். காட்டில் யாரும் துப்பாக்கியை மேசைமேல் வைத்துச் சுடுவதில்லை. செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் தோட்டா குழாயின் எந்தப் பக்கமும் சாயலாம். உதைக்கும்போது எங்கே குதிக்கும் என்று யார் சொல்ல முடியும்? கேப்பைக் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே அமர்த்த வேண்டும், விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது என்பது தோட்டா அடைக்கக் கற்பவனின் முதல் பாடம். தம்பி தடவிப் பார்க்கிறாரா?

இன்னொன்றும் கேட்கிறேன். குழாய் மேகசினில் குண்டு ஸ்பிரிங்காலும் உதையாலும் கூட்டுக்குள்ளே தள்ளப்படும். உள்ளே போனால் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். அதனால்தான் லீவர் துப்பாக்கிக் குண்டில் ஒரு வரிப்பள்ளம் விட்டு, கூட்டின் வாயை அதில் மடக்கிக் கவ்வவைக்கிறார்கள். வேறு துப்பாக்கிக்குச் செய்த கூர்முனையில் அந்தப் பள்ளம் சரியான இடத்தில் இருக்கிறதா? மூக்கு நீண்ட குண்டு 64.8 மி.மீ.க்குள் அடங்குவதற்காக அதை ஆழமாக அழுத்துகிறீர்களா? அழுத்தினால் எந்தக் கையேட்டின் மருந்தளவைப் பின்பற்றுகிறீர்கள்? .45-70-க்குக் கையேடுகளிலேயே பழைய ராணுவத் துப்பாக்கிக்கு ஒன்று, லீவர் துப்பாக்கிக்கு ஒன்று, கனமான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு ஒன்று என்று மூன்று படிகள் உண்டு. அதில் தம்பி எந்தப் படியில் நிற்கிறார்?

டெக்சாஸ் சேலத்தான்

நான் நடுப்படியில்தான் நிற்கிறேன், கூட்டின் வாயையும் கவ்வவைக்கிறேன், கேப்பையும் தடவிப் பார்க்கிறேன். இப்போது என் முறை. ஐயா இந்தப் பகுதியில் பலமுறை பெருமையாக எழுதியிருக்கும் அவர் தாத்தாவின் .405 வின்செஸ்டர், 1895 மாதிரி. அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றதும் அந்த வகைதான். அதில் குழாய் மேகசினே கிடையாது. லீவருக்கு முன்னால் பெட்டி மேகசின். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஆகவே ஐயா தம் வாழ்நாளில் குழாய் மேகசினைச் சுட்டதே இல்லை. நான் சுட்டவன், அவர் படித்தவர்.

மலைக்காரர், ஏற்காடு

என் தாத்தாவை இதில் இழுத்திருக்க வேண்டாம். இழுத்தாயிற்று, கேட்டுக்கொள்ளுங்கள். குழாயைத் தாமே வடிவமைத்த அதே பிரவுனிங், வேகமான புதுத் தோட்டாக்கள் வந்ததும் 1895-இல் ஏன் பெட்டிக்கு மாறினார்? ரெமிங்டன் 1912-இல் கூர்முனைத் தோட்டாவைக் குழாயில் போட விரும்பி, அதன் மாடல் 14-இல் குழாயையே முறுக்கி, முனை கேப்புக்கு நேராக வராமல் செய்தது ஏன்? தம்பிக்கு ஒரு பிரெஞ்சுப் பள்ளமும் போதவில்லை, ஓர் அமெரிக்க முறுக்கும் போதவில்லை. அந்த .405-இன் குதிரையை நான் பன்னிரண்டு வயதில் தடவிப் பார்த்தபோது, டெக்சாஸ் எங்கே இருக்கிறது என்று தம்பியின் தந்தைக்கே தெரிந்திருக்காது.

டெக்சாஸ் சேலத்தான்

என் தந்தை புவியியல் ஆசிரியர்.

அடிவாரத்து ஆள்

இது நல்ல பதில்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர்

மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: கூர்முனை என்றால் என்ன?

மலைக்காரர், ஏற்காடு

கேப்பைத் தொடும் முனை. தம்பி, மூன்று ஆண்டுகளில் எத்தனை தோட்டா சுட்டீர்கள், அதில் ஒரே நேரத்தில் குழாயில் எத்தனை இருந்தன?

டெக்சாஸ் சேலத்தான்

நூற்று ஐம்பது இருக்கும். பெரும்பாலும் அறையில் ஒன்று, குழாயில் ஒன்று.

மலைக்காரர், ஏற்காடு

குழாயில் ஒன்று! ஒன்றே ஒன்று கிடந்தால் அதன் முனை எதைத் தொடும்? முன்னால் கேப்பே இல்லாத குழாயில் மூன்று ஆண்டுகள் சுட்டுவிட்டுத்தான் பாட்டி கதை என்று எழுதினீர்களா?

டெக்சாஸ் சேலத்தான்

"பெரும்பாலும்" என்று எழுதியிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். நான்கு போட்டும் சுட்டிருக்கிறேன். முனை தொடவில்லை, தொட்டாலும் ஓரத்தில், ஓரத்தில் தொட்டாலும் வெடிக்கவில்லை. ஞாயிறு விமானம் ஏறுகிறேன்; போய்ச் சேர்ந்ததும் கண்ணாடிக் குழாய் வைத்துப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

மலைக்காரர், ஏற்காடு

மருந்தில்லாத, கேப்பில்லாத பொம்மைத் தோட்டாவில் எடுக்கவும். இடது கையைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். முத்திரை மை தொட்டு எடுக்கவும். புள்ளி வட்டத்துக்குள் விழும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

ஐயா, மரத்தோட்டாவைச் சரிபார்க்கிறேன் என்று மலைக்கு எடுத்துப்போன என் வெர்னியரை வெள்ளிக்கிழமைக்குள் கீழே அனுப்பிவிடவும். கொலுசுத் திருகாணி வேலை நிற்கிறது.