என்ஜிசி 2478 இருக்க வேண்டிய இடத்தில் விண்மீன் கொத்தையே காணோம், உதவுங்கள்

பனிவான்:
வணக்கம். என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. ஒரு பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பப்பிஸ் விண்மீன் குழுவிலுள்ள திறந்த கொத்துகளை (தளர்வாகக் கூடியிருக்கும் விண்மீன் கூட்டங்களை) வரிசையாகப் பார்த்து வருகிறேன். எம் 46 (மெசியே பட்டியலின் 46ஆம் பொருள்) சுலபமாகக் கிடைத்தது. அதன் வடக்கு ஓரத்தில் இருக்கும் சின்ன நெபுலா, என்ஜிசி 2438 (என்ஜிசி என்பது ஒரு பெரிய வான்பொருள் பட்டியல்), அதுகூடத் தெரிந்தது. ஆனால் என்ஜிசி 2478 மட்டும் அகப்படவில்லை. வல ஏற்றம் (வானில் கிழக்கே போகப் போகக் கூடும் இட அளவு) 7 மணி 54 நிமிடம், தெற்கே 15 டிகிரி சொச்சம் என்று போட்டிருக்கிறது. அங்கே பால்வழியின் சிதறல் விண்மீன்கள்தான் தெரிகின்றன. கொலிமேஷன் (கண்ணாடிகளின் நேர்ப்படுத்தல்) சரியாக இருக்கிறது. வானம் போதுமான அளவு இருட்டாக இல்லையா, அல்லது நான் தேடும் முறை தவறா?

துருவம்:
உங்கள் கருவியிலும் குறையில்லை, தேடும் முறையிலும் குறையில்லை. அங்கே கொத்தே கிடையாது. நீங்கள் தேடுவது பிரெஞ்சு வானியலாளர் மெசியே 1771 பிப்ரவரியில் பதிவு செய்த எம் 47. அவர் இடத்தைக் கணக்கிட்டது 2 பப்பிஸ் என்ற விண்மீனிலிருந்து. அந்த விண்மீனின் இன்றைய வல ஏற்றம் 7 மணி 45.5 நிமிடம். கொத்து அதற்கு ஏறக்குறைய 9 நிமிடம் மேற்கே, 7 மணி 36.6 நிமிடத்தில் இருக்கிறது. கழிக்க வேண்டிய அந்த 9 நிமிடத்தைக் கூட்டிவிட்டார்கள். விடை 7 மணி 54 நிமிடம் என்று வந்துவிட்டது. உங்கள் பட்டியலில் இருப்பது அதே எண்தான்!

அப்புறம், 1785இல் வில்லியம் ஹெர்ஷல் அதே கொத்தைத் தானாகவே கண்டு, சரியான இடத்தைக் குறித்தார். 1888இல் டிரையர் என்ற வானியலாளர் என்ஜிசியைத் தொகுத்தபோது ஹெர்ஷலின் கொத்து 2422 ஆனது, மெசியேயின் பிழையான இடம் 2478 ஆனது. ஒரே பொருளுக்கு இரண்டு எண். 1934இல் ஓஸ்வால்ட் தாமஸும், பின்னர் 1959இல் கனடாவின் டி. எஃப். மாரிஸும் இரண்டும் ஒன்றே என்று அடையாளம் கண்டார்கள்.

எம் 46இலிருந்து மேற்கே ஒன்றேகால் டிகிரி நகர்த்துங்கள். முதலில் ஃபைண்டரிலேயே (கருவியின் மேலுள்ள சிறிய தேடு தொலைநோக்கியில்) பாருங்கள். கண்ணில் படாமல் போகாது.

மிருகசீரிடம்:
துருவம் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் ‘இல்லை’ என்று குறித்திருந்தாலும் உடனே அடித்துவிடாதீர்கள். 1973இல் சுலென்டிக்கும் டிஃப்டும் வெளியிட்ட திருத்திய என்ஜிசியில் அப்படிக் குறிக்கப்பட்டவற்றில் பல, சற்றுத் தள்ளி நன்றாகவே இருக்கின்றன. சிம்மத்தில் என்ஜிசி 3745 முதல் 3754 வரையிலான எண்களில் ஏழு கேலக்ஸிகள் ஒரு கூட்டமாக உள்ளன. அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் 72 அங்குலக் கருவியில் கோப்லேண்ட் 1874இல் பார்த்தவை. அவற்றின் இடம் பிழையாகப் பதிவானதால், ஏழுமே இல்லாதவை என்று எழுதிவிட்டார்கள். ஒரு நல்ல அவதானியின் உழைப்பு இப்படி ஒரு சொல்லில் அழிந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அதனால் முதலில் கண்டவரின் குறிப்பைத் தேடுங்கள். எந்த விண்மீனிலிருந்து அளந்தார் என்று பாருங்கள். கூட்டல், கழித்தல் குறிகளை மாற்றிப் போட்டுப் பார்த்து, கிடைக்கும் இடத்தை டிஜிட்டல் வான ஆய்வுப் படத்தோடு (வானத்தைப் படமெடுத்து வைத்த தொகுப்போடு) ஒப்பிடுங்கள். அதன்பிறகும் ஒன்றும் இல்லையென்றால் அடிக்கலாம்.

பனிவான்:
ரொம்ப நன்றி! எம் 47 கிடைத்துவிட்டது, ஃபைண்டரிலேயே பளிச்சென்று இருக்கிறது. பதிவேட்டில் எந்த எண்ணை எழுதுவது? எம் 102இலும் இதே மாதிரிக் குழப்பம் என்கிறார்களே?

துருவம்:
2422 என்று எழுதி, பக்கத்தில் ‘2478 இதுவே’ என்று குறித்து வையுங்கள். எம் 102 அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. அதைக் கண்ட பிரெஞ்சு வானியலாளர் மெஷேனே 1783இல் எழுதிய கடிதத்தில், எம் 101 என்ற கேலக்ஸியைத்தான் தவறுதலாக மறுபடி குறித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் பட்டியலில் உள்ள வர்ணனை டிரேகோ விண்மீன் குழுவிலுள்ள கேலக்ஸி என்ஜிசி 5866க்கு நன்றாகப் பொருந்துகிறது. இன்னமும் இரு தரப்பும் உண்டு. எனக்கு 5866 பக்கம்தான் சாய்வு. இரண்டையும் பார்த்துவிடுங்கள். உங்கள் 8 அங்குலத்துக்கு 5866 எளிது, எம் 101க்குத்தான் நல்ல இருட்டு வேண்டும்.