மறு: காரணியை 'அடிப்பதற்கு' ஒரு சொல்

> 'காரணி நீக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

பின்னக் கோவையின் தொகுதியிலும் பகுதியிலும் (மேலும் கீழும்) பொதுவாக உள்ள காரணியை 'அடிப்பதற்கு'த்தானே கலைச்சொல் தேடுகிறோம். 'காரணி நீக்கல்' என்றால் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இரு மாறிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் 'நீக்கல் முறை' ஏற்கெனவே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய தொல்லை, மாணவர் செய்யும் பிழைக்கு வேரே இந்த 'நீக்கும்' எண்ணம்தான்.

(க² − 9)/(க² + 5க + 6) கொடுத்துப் பாருங்கள். (மாறிக்கு 'க' போட்டதற்கு இந்தக் குழுவிலாவது யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள்.) மேலே ஒரு க², கீழே ஒரு க², இரண்டையும் அடித்துவிட்டு −9/(5க + 6) என்று எழுதிவிடுவார்கள். க = 1 போட்டால் கொடுத்த கோவை −8/12, அதாவது −2/3. அடித்து வந்ததோ −9/11. க² அங்கே கூட்டலில் நிற்கும் வெறும் உறுப்பு, பெருக்கலில் நிற்கும் காரணி அல்ல. (க + 3)(க − 3), (க + 3)(க + 2) என்று பிரித்த பிறகுதான் பொதுக்காரணி (க + 3) கைக்கு வருகிறது. தொகுதியையும் பகுதியையும் அதால் வகுத்தால் (க − 3)/(க + 2). எதுவும் நீங்கவில்லை, அந்த இடத்தில் 1 நிற்கிறது. அதை மறப்பவர்தான் தொகுதி முழுவதும் அடிபட்டால் விடை 0 என்கிறார்.

வெறும் 'சுருக்கல்' போதாது; 3க + 2க = 5க என்பதும் சுருக்கல்தான். 'ஒடுக்கல்' (reduction) வேதியியலார் கைக்குப் போய்விட்டது. என் பரிந்துரை: காரணிச்சுருக்கம்.

---

> காரணிச்சுருக்கம்

காரணியையே சுருக்குவதாகவும் படிக்கலாமே? 'காரணிவழிச் சுருக்கம்' என்றால் அந்த ஐயம் எழாது. கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

இன்னொன்று. வகுத்த பிறகு க = −3 என்ற விலக்கப்பட்ட மதிப்பு கண்ணில் படாமல் போகிறது. சுருக்கிய வடிவில் −3 போட்டால் 6 வருகிறது. கொடுத்த கோவையிலோ 0/0. எந்தச் சொல்லை எடுத்தாலும் விளக்கத்தில் இது இருக்க வேண்டும்.

---

'வழி' சேரட்டும், எனக்குச் சம்மதம். விளக்கவரி இப்படி:

காரணிவழிச் சுருக்கம்: விகிதமுறு கோவையின் தொகுதி, பகுதி இரண்டையும் அவற்றின் பொதுக்காரணியால், அக்காரணி பூச்சியமாகும் மதிப்புகளை விலக்கி, வகுத்து எழுதுதல்.

எடுத்துக்காட்டாக (5 − க)/(க − 5) = −1, க ≠ 5 என்பதையும் போடலாம். குறியை வெளியே எடுத்தால்தான் அதில் காரணி இருப்பதே தெரிகிறது.